கண்ணைப் பார்த்தால் பேச்சு மனதில் ஏறுவதில்லை

கேள்வி: எனக்கு வயது 32. மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை. சின்ன வயதிலிருந்தே பேசுபவரின் கண்ணைப் பார்க்க எனக்கு வராது. பார்த்தால் உடம்பு கூசும். அவர் பேசுவது காதில் விழும், மனதில் ஏறாது. முகத்தைப் பார்த்து ஒருவர் என்ன நினைக்கிறார் என்றும் சொல்லத் தெரியாது. அழுகையும் சிரிப்பும் தெரியும், நடுவில் உள்ளதெல்லாம் எனக்கு ஒரே முகம்தான். "என் முகத்தைப் பாத்தாலே தெரியலையா?" என்று மனைவி கேட்கிறார். நிஜமாகவே தெரியவில்லை. இந்த வருட மதிப்பீட்டில் மேலாளர் "கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை, தன்னம்பிக்கை போதாது" என்று எழுதிவிட்டார். அதன்பிறகு வலிந்து பார்க்கப் பழகினேன். "ஏன் முறைக்கிறீங்க?" என்று சக ஊழியர் கேட்டார். கண்களின் படத்தை மட்டும் காட்டி உணர்ச்சியைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இணையச் சோதனை ஒன்றில் 36-க்கு 19 வாங்கினேன். எனக்கு ஆட்டிசமா? பயிற்சியால் இது மாறுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு சிக்கல்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கின்றன. கண்ணைப் பார்ப்பது ஒன்று, முகத்தைப் படிப்பது வேறொன்று. மேலாளரின் குறை முதலாவதைப் பற்றியது. மனைவியின் வருத்தம் இரண்டாவதைப் பற்றியது. கண்ணைப் பார்க்கப் பழகிவிட்டால் முகம் தானாகப் புரிந்துவிடும் என்று நம்பி, இரண்டையும் ஒரே முயற்சியில் சரிக்கட்டப் பார்த்திருக்கிறீர்கள். கடைசியில் கண்ணும் பழகவில்லை, பேச்சும் நழுவிவிட்டது. இரண்டையும் பிரித்துவிடுவோம். முதலில் கண்.

பேசுகிற எவரும் எதிரில் இருப்பவரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஆடம் கெண்டன் என்ற ஆய்வாளர் உரையாடல்களைப் படம்பிடித்துத் துண்டு துண்டாகப் பார்த்து 1967-இல் எழுதியது இது: பேசத் தொடங்கும்போது பார்வை விலகுகிறது, சொல்லி முடிக்கும் இடத்தில் திரும்பி வந்து எதிராளியின் முகத்தில் நிற்கிறது. "நான் முடித்துவிட்டேன், இனி உங்கள் முறை" என்பதற்கான சைகை அது. கேட்பவர்தான் அதிகம் பார்க்கிறார், ஏறக்குறைய முக்கால்வாசி நேரம். பேசுபவர் பார்ப்பது பாதி நேரத்துக்கும் குறைவு. இருவர் கண்ணும் ஒருமுறை சந்தித்தால் அது எவ்வளவு நேரம் நீடிப்பது இதமாக இருக்கிறது என்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களை வைத்துச் சோதித்தார்கள். 2016-இல் வெளியான அந்த முடிவின்படி சராசரி 3.3 நொடி. ஆக, "கண்ணைப் பார்த்துப் பேசு" என்று உங்களுக்குச் சொல்பவரே அப்படி இடைவிடாமல் பார்ப்பதில்லை. பார்த்து விலகி, விலகிப் பார்க்கிறார். அந்தத் தாளம் அவருக்குத் தானாக வருகிறது, உங்களுக்கு வரவில்லை.

பார்த்தால் பேச்சு மனதில் ஏறுவதில்லை என்கிறீர்களே, அது உங்கள் கற்பனை அல்ல. முகம், அதிலும் நேராக நம்மைப் பார்க்கும் கண், மூளைக்குப் பளுவான வேலை. கடினமான கேள்வி கேட்டால் குழந்தைகள் பார்வையை விலக்கிக்கொண்டு யோசிப்பார்கள், பெரியவர்களும் அப்படித்தான். 2016-இல் ஜப்பானில் நடந்த ஒரு சோதனையில், தங்களை நேராகப் பார்க்கும் முகத்தைப் பார்த்தபடியே சொல் தேடியவர்கள், வார்த்தை கடினமானபோது தடுமாறினார்கள். ஆட்டிசம் உள்ளவர்களைக் கண் பகுதியை மட்டும் பார்க்கவைத்து எடுத்த 2017-ஆம் ஆண்டின் சிறிய மூளைப்பட ஆய்வில், ஆபத்தை உணரும் ஆழ்மூளைப் பகுதிகள் மற்றவர்களைவிட அதிகமாகக் கிளர்ந்தன. கண்ணைத் தவிர்ப்பவருக்கு அக்கறை இல்லை என்று ஊர் நினைக்கிறது. பல நேரம் அந்தப் பார்வை தாங்க முடியாத அளவுக்கு உறைப்பதுதான் காரணம்.

ஆகவே என் முதல் ஆலோசனை: கேட்பதும் பார்ப்பதும் ஒன்றோடொன்று மோதினால் கேட்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் உங்களுக்குச் சம்பளம் தருவது விஷயத்தைப் புரிந்துகொள்வதற்கு.

இதற்காகக் கண்ணை அடியோடு விட்டுவிட வேண்டியதில்லை. கண்ணைப் பார்ப்பதாக மற்றவர் உணர்வதற்கு நீங்கள் கண்ணைப் பார்த்தாக வேண்டும் என்பதே கிடையாது. ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பவரின் புருவங்களுக்கு நடுவிலோ மூக்குத்தண்டின் மேலோ பார்த்தால், அவர் கருவிழிக்கும் உங்கள் பார்வைக்கும் இடைவெளி மூன்று சென்டிமீட்டர்தான். கோணக் கணக்கில் இரண்டு பாகைக்கும் குறைவு. அந்த வித்தியாசத்தை மனிதக் கண் பிரித்தறிவதில்லை. விழியசைவைப் பதிவு செய்யும் கண்ணாடி மாட்டி உரையாடவிட்டுச் செய்த ஆய்வுகளில், வாயையே பார்த்துக்கொண்டிருந்தவரைக் கூட "என் கண்ணைப் பார்த்தார்" என்றுதான் எதிரில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இந்த உத்தி பொய்த்துப்போவது இரண்டே இடத்தில். ஒன்று, அரை மீட்டருக்கும் நெருக்கமாக நிற்கும்போது. மற்றது, காதையோ தலைமுடியையோ பார்க்கும்போது. முகத்துக்கு உள்ளே பார்த்தால் தப்பில்லை, முகத்தின் ஓரத்தைத் தாண்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

எங்கே பார்ப்பது என்பதைவிட எப்போது பார்ப்பது என்பது முக்கியம். நான்கு இடங்கள் போதும்: வணக்கம் சொல்லும் நொடி, அவர் கேள்வியை முடிக்கும் இடம், நீங்கள் பதிலை முடிக்கும் இடம், விடைபெறும்போது. நடுவில் பார்வை எங்கே இருந்தாலும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. 3 நொடி, 2 நொடி என்று மனதுக்குள் எண்ணாதீர்கள். எண்ணத் தொடங்கினால் பேச்சு மறுபடி நழுவும். எண்ணிக்கைக்குப் பதிலாக வாக்கியத்தின் முற்றுப்புள்ளியோடு கட்டிவையுங்கள். அவர் நிறுத்தினால் நிமிர்வது, நீங்கள் நிறுத்தினால் நிமிர்வது, அவ்வளவுதான்.

"முறைக்கிறீங்க" என்று சக ஊழியர் ஏன் சொன்னார்? வலிந்து பார்ப்பவர் வழக்கமாக நான்கு தவறுகளைச் சேர்த்துச் செய்கிறார். பார்வையை விலக்க மறக்கிறார், கண் சிமிட்டுவது குறைகிறது, முகம் விறைத்துப்போகிறது, தலை அசைவதில்லை. இயல்பாக ஒருவர் நிமிடத்துக்குப் பதினைந்து இருபது தடவை சிமிட்டுவார். கவனத்தை ஒரே புள்ளியில் குத்தும்போது அது பாதியாகக் கூடக் குறையலாம். இவை நான்கும் சேர்ந்தால் எதிரில் இருப்பவருக்கு மிரட்டலாகத் தெரிகிறது. இதில் திருத்த எளிதானது தலையசைப்பு. தலையை லேசாக அசைத்தபடி பக்கவாட்டிலோ சற்றுக் கீழாகவோ பார்வையை விலக்குங்கள். அது யோசிப்பதாகத் தெரியும். அதே விலகல் கைபேசியின் பக்கமோ கடிகாரத்தின் பக்கமோ கதவின் பக்கமோ போனால் "எப்போது விடுவார்" என்று காத்திருப்பதாகத் தெரியும். மேல்நோக்கிப் போனால் அலட்சியமாகப் படும்.

உட்காரும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். மேசையின் எதிரெதிர்ப் பக்கம் உட்கார்ந்தால் முகத்தைத் தவிர பார்க்க வேறொன்றும் இருக்காது. மூலையில் செங்கோணமாக உட்கார்ந்தால் விலகிப் பார்ப்பதுதான் இயல்பு. ஒரே திரையை இருவரும் பார்த்தபடி பேசுவது, நடந்துகொண்டே பேசுவது, குறிப்பேட்டில் எழுதியபடி கேட்பது, இவை மூன்றும் உங்களுக்குக் கிடைத்த வரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காணொளிக் கூட்டத்தில், பேசுபவரின் சட்டகத்தைக் கேமராவுக்கு நேர் கீழே இழுத்து வையுங்கள். உங்கள் முகம் தெரியும் சட்டகத்தை மறைத்துவிடுங்கள். தன் முகத்தைத் தானே கண்காணிப்பது போலச் சோர்வு தருவது வேறில்லை.

இதைப் பழகும்போது ஒரு வாரத்துக்கு ஒரே சந்தர்ப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் காலை வணக்கம் மட்டும். கூச்சத்துக்குப் பத்தில் எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். ஐந்தைத் தாண்டினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். நாள் முழுக்கச் சிரமமில்லாமல் கண்ணைப் பார்ப்பதை இலக்காக வைத்தால் மாலையில் வீட்டுக்கு வரும்போது பேச்சு மூச்சு இல்லாமல் கிடப்பீர்கள். இயல்பை மறைத்து நடிக்கும் உழைப்பு, ஆட்டிசம் உள்ளவர்களிடம் மனச்சோர்வோடும் தற்கொலை எண்ணங்களோடும் தொடர்புடையதாக ஆய்வுகளில் வந்திருக்கிறது. அந்த விலையைக் கொடுத்து வாங்கும் அளவுக்கு இது பெரிய சரக்கு அல்ல.

மேலாளரிடம் ஒரு வரியில் சொல்லிவிடலாம். "கூர்ந்து கேட்கும்போது என் பார்வை வேறு பக்கம் போகும். விஷயம் புரிந்ததா என்பதைக் கடைசியில் நான் சுருக்கிச் சொல்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள்." நோய்ப் பெயர், விளக்கம் எதுவும் தேவையில்லை. இரண்டாவது பாதிதான் முக்கியம். நீங்கள் கவனிப்பதற்குக் கண்ணுக்குப் பதிலாக வேறு சான்று தருகிறீர்கள். கண்ணைப் பார்க்காதவர் நம்பிக்கை இல்லாதவர், பொய் சொல்பவர் என்பதெல்லாம் நெடுநாளைய நம்பிக்கை. பொய்யின் அறிகுறிகளைப் பற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வு மாதிரிகளை 2003-இல் தொகுத்துப் பார்த்தபோது, பார்வை விலகுவதற்கும் பொய்க்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பே தென்படவில்லை.

இனி முகம். அதற்கு முன் அந்த 36-க்கு 19-ஐ ஓரமாக வைத்துவிடுவோம். 2001-இல் திருத்தி வெளியிடப்பட்ட அந்தச் சோதனையில் பொதுமக்களின் சராசரி 26-ஐ ஒட்டி வந்தது உண்மைதான். ஆனால் அதில் இருப்பவை அசையாத கறுப்பு வெள்ளைப் படங்கள். கண் பகுதியை மட்டும் வெட்டி வைத்து, நான்கு சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். அந்தச் சொற்களில் பல, ஆங்கிலத்தில் நுட்பமான வேறுபாடு தெரிந்தவருக்கே பிடிபடும். மொழி அறிவையும் சேர்த்தே அது அளக்கிறது. ஆய்வுக்காகச் செய்த கருவி அது. அதை வைத்து யாருக்கும் நோய் சொல்ல முடியாது.

அதைவிட, உங்கள் தடை எந்தப் படியில் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். ஒரு முகத்தைப் படிப்பதில் பார்ப்பது, மாற்றத்தைக் கவனிப்பது, அதற்குப் பெயர் வைப்பது, அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று முடிவு செய்வது என நான்கு படிகள் உண்டு. வழுக்குவது எந்தப் படியில் என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

பார்க்காததால் மட்டுமே தவறவிடுபவரைச் சோதிப்பது எளிது. இதுவரை பார்க்காத ஒரு நாடகத்தை ஒலியை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். யாருக்கு யார்மேல் கோபம், யார் பயப்படுகிறார் என்று எழுதுங்கள். பிறகு ஒலியோடு அதே பகுதியைப் பாருங்கள். திரையில் உள்ள முகம் உங்களைத் திருப்பிப் பார்ப்பதில்லை, பதிலும் கேட்பதில்லை. அங்கே ஓரளவு சரியாக வந்து, நேரில் மட்டும் வரவில்லை என்றால் படிக்கும் திறன் இருக்கிறது, பளுவும் பதற்றமும் அதை மறைக்கின்றன. நாடக நடிப்பு நிஜத்தைவிடத் தூக்கலாக இருக்கும் என்பதால் இந்தச் சோதனையில் தேறுவது பெரிய வெற்றியல்ல, ஆனால் தேறாவிட்டால் அது ஒரு செய்தி. கண்ணைப் பார்க்காததே காரணமாக இருக்கலாம் என்பதற்கு மருத்துவத்தில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. மூளையில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி சிதைந்துபோன ஒரு பெண்ணுக்குப் பிறர் முகத்தில் பயத்தை அடையாளம் காண முடியவில்லை. அவர் கண் பகுதியைப் பார்ப்பதே இல்லை என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். "கண்ணைப் பாருங்கள்" என்று சொன்னதும் பயம் அவருக்குத் தெரிந்தது. ஆனால் சொல்லும் வரைதான். சொல்வதை நிறுத்தினால் பார்வை பழையபடி போய்விட்டது.

பெயர் வைக்கும் படியில் வழுக்குபவர்களைப் பற்றி அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சந்தேகிப்பதில்லை. தன் உணர்ச்சியைத் தானே அடையாளம் கண்டு சொல்ல முடியாத நிலைக்கு அலெக்சிதிமியா என்று பெயர். 1970-களில் வந்த சொல். பொதுமக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கும், ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும் இது உண்டு. 2013-இல் வந்த ஓர் ஆய்வு, முக உணர்ச்சியைப் படிக்கத் தடுமாறுவது ஆட்டிசத்தோடு அல்ல, இந்த அலெக்சிதிமியாவோடுதான் சேர்ந்து போகிறது என்று காட்டியது. நடைமுறையில் இது பெரிய வித்தியாசம். தனக்குள் எழும் எரிச்சலுக்கும் சோர்வுக்கும் வேறுபாடு தெரியாதவருக்குப் பிறர் முகப் படங்களை ஆயிரம் காட்டினாலும் பயனில்லை. ஒரு வாரம், நாளுக்கு மூன்று தடவை, கைபேசி அலாரம் அடிக்கும்போது இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரி உடம்பு: தாடை இறுக்கமா, மூச்சு மேலோட்டமா, வயிறு எப்படி. இரண்டாவது வரி உணர்ச்சி. வாரக் கடைசியில் இரண்டாவது வரி முழுக்க "பரவாயில்லை", "அசதி", "ஒன்றுமில்லை" என்றே இருந்தால் வேலையை மனைவியின் முகத்தில் தொடங்காமல் உங்கள் உடம்பில் தொடங்குங்கள். உடம்பு வரியைத் தொடர்ந்து எழுதி, "தாடை இறுகியது, அதற்கு முன் நடந்தது இது" என்று நிகழ்ச்சியோடு இணைத்துக்கொண்டே போனால் பெயர்கள் மெதுவாகப் பிரியும். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் வேலை இது.

கடைசிப் படியில் வழுக்குபவர்கள் வேறு ரகம். முகமும் தெரியும், உணர்ச்சியும் தெரியும், ஆனால் சும்மா இருக்கும் முகத்தைக் கூட "என்மேல் கோபம்" என்று படிப்பார்கள். சமூகப் பதற்றத்திலும் மனச்சோர்விலும் இப்படி நடக்கும். புதியவர்கள், மேலதிகாரிகள் முன்னால் கூடுவதும் நெருங்கியவர்களிடம் குறைவதும் இதன் அடையாளம். உங்களுக்கு மனைவியிடமும் சிரமம், சின்ன வயதிலிருந்தே சிரமம், எல்லா முகமும் மோசமாகத் தெரியவில்லை, ஒரே மாதிரி தெரிகிறது என்கிறீர்கள். எனவே பதற்றம் மட்டுமே காரணம் என்று தோன்றவில்லை. மேல்கொண்டு சேர்ந்திருக்கலாம், அந்த மதிப்பீட்டுக்குப் பிறகு சேராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இன்னொரு கேள்வி: அலுவலக ஊழியரை வேறு இடத்தில், வேறு உடையில் பார்த்தால் அடையாளம் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அது முகங்களையே பிரித்தறிய முடியாத பிரசோபக்னோசியாவாக இருக்கலாம். நூறில் இரண்டு பேருக்குப் பிறவியிலேயே இருப்பதாகக் கணக்கு. அது தனிப் பிரச்சினை. பார்வைக் குறைவு, காது மந்தம் (கேட்காதவர் கண்ணை விட்டு உதட்டைப் பார்ப்பார்), கவனச் சிதறல் குறைபாடு ஆகியவை காரணமில்லை என்பதையும் ஒருமுறை உறுதிசெய்துகொள்வது நல்லது. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது, முன்பு நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த முகபாவங்கள் நடுவயதுக்கு மேல் தெரியாமல் போயிருந்தால், அல்லது திடீரென்று போயிருந்தால், அவர்கள் போக வேண்டியது உளவியலாளரிடம் அல்ல, நரம்பியல் மருத்துவரிடம். பக்கவாதம், பார்கின்சன், சில வகை மறதி நோய்கள் இப்படித் தலைகாட்டுவதுண்டு.

ஆட்டிசமா என்ற கேள்விக்கு, நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து ஆம் என்றும் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் வரையறையில் நீங்கள் எழுதிய இரண்டும் ஒரு பகுதிதான். உரையாடலில் கொடுத்து வாங்குவது, சைகையும் முகபாவமும், உறவுகளை உருவாக்கிக் காப்பது ஆகிய மூன்றிலும் சிரமம் இருக்க வேண்டும். அதோடு, ஒரே செயலை அல்லது அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, வழக்கம் மாறினால் தாங்க முடியாமல் போவது, ஒரே விஷயத்தில் ஆழ்ந்த பிடிப்பு, ஒலி, ஒளி, தொடுகை போன்றவை மிகையாகவோ குறைவாகவோ உறைப்பது, இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். எல்லாம் சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைச் சொல்லாது. பெரியவர்களைப் பரிசோதித்த அனுபவமுள்ள மருத்துவ உளவியலாளரோ மனநல மருத்துவரோ ஒன்றுக்கு மேற்பட்ட அமர்வுகளில் பேசித்தான் முடிவு செய்வார். போகும்போது உங்கள் சிறுவயதை அறிந்த பெற்றோரையோ மூத்தவரையோ அழைத்துச் செல்லுங்கள், பள்ளி அறிக்கைகள் இருந்தால் கொண்டுபோங்கள். பத்து நிமிடத்தில் "ஆமாம்" அல்லது "உங்களுக்குக் கல்யாணமே ஆகிவிட்டதே, இருக்காது" என்று சொல்பவரிடம் இரண்டாம் கருத்து வாங்குங்கள். ஆக்சிடோசின் என்ற ஹார்மோனின் மூக்குத் தெளிப்பானை யாராவது பரிந்துரைத்தால் வாங்காதீர்கள். 290 பிள்ளைகளை வைத்து 24 வாரம் சோதித்து 2021-இல் வெளியான முடிவில், சமூகத் திறனில் வெற்று மருந்தைவிட அது எதையும் கூடுதலாகச் சாதிக்கவில்லை.

பயிற்சியால் மாறுமா? பாதி மாறும், அதுவும் எதைப் பயில்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், வியப்பு, அருவருப்பு என்று ஆறு படங்களை வைத்துக் கற்பிக்கும் அட்டைகளும் செயலிகளும் ஏராளம். அவற்றைப் பழகியவர் அட்டையில் நன்றாகத் தேறுவார். வாழ்க்கைக்கு அது போதிய அளவு வந்து சேர்வதில்லை என்பதே இத்தகைய பயிற்சிகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2014-ஆம் ஆண்டு மதிப்பாய்வும் சொன்னது. காரணம் நம் கண் முன்னாலேயே இருக்கிறது. நிஜ மனிதர்கள் அட்டைபோல முகம் வைத்துக்கொள்வதில்லை. டென்னிஸ் வீரர்கள் புள்ளி வென்ற கணத்திலும் தோற்ற கணத்திலும் எடுத்த படங்களில் முகத்தை மட்டும் வெட்டிக் காட்டியபோது வென்றவர் யார், தோற்றவர் யார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. உடம்பை மட்டும் காட்டியபோது தெரிந்தது. 2012-இல் வந்த ஆய்வு அது.

முகத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதிகம் குழம்புவது இரண்டு ஜோடிகள். பயமும் வியப்பும் ஒன்றுபோலவே கண்ணை விரிக்கும், புருவத்தை உயர்த்தும். பயத்தில் புருவங்கள் உயர்ந்து நெருங்கும், உதடு பக்கவாட்டில் இழுபடும். வியப்பில் தாடை தளர்ந்து தொங்கும். மற்ற ஜோடி அருவருப்பும் கோபமும். அருவருப்பில் மூக்குச் சுருங்கி மேலுதடு உயரும். கோபத்தில் புருவம் கீழிறங்கி நெருங்கும், உதடு இறுகும். ஆனால் புருவம் நெரிவது யோசனையிலும் வெயிலிலும் தலைவலியிலும் கூட நடக்கும். உங்கள் ரகத்தினர் மிகுதியாகத் தவறுவது இங்கேதான், கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவரைக் கோபக்காரர் என்று எண்ணி விலகிப் போவார்கள்.

எனவே மனித குலத்தின் முகத்தையெல்லாம் படிக்கப் போகாதீர்கள். ஒரே ஒருவரைப் படியுங்கள், உங்கள் மனைவியை. அவர் ஒன்றும் நடக்காத சாதாரண நேரத்தில் எப்படி இருக்கிறார் என்பதே தெரியாமல், மாறியிருக்கிறாரா என்று தெரிய வழியில்லை. முதல் வாரம் அதை மட்டும் எழுதுங்கள்: எவ்வளவு வேகமாகப் பேசுகிறார், பதில்கள் எத்தனை சொல் நீளம், குரல் எந்த அளவு, பொருட்களை எவ்வளவு சத்தத்தோடு வைக்கிறார், உங்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் உட்காருகிறார். இதில் முகமே இல்லை என்பதைக் கவனியுங்கள். முகத்தையும் குரலையும் சேர்த்துத் தருவதைவிடக் குரலை மட்டும் தந்தபோது மற்றவர் உணர்ச்சியை மக்கள் சரியாகக் கணித்தார்கள் என்று 2017-இல் வந்த ஐந்து சோதனைகள் காட்டின. அவற்றில் ஒன்றில் ஆட்களை இருட்டறையில் பேசவிட்டார்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு மனைவியோடு பேசிப் பாருங்கள். கண்ணைப் பார்க்கும் கடமை இல்லை, காதுக்கு முழுக் கவனமும் கிடைக்கும்.

இரண்டாவது வாரத்திலிருந்து, நாளுக்கு ஒருமுறை, மூன்று பத்திகளாக எழுதுங்கள்: பார்த்தது அல்லது கேட்டது, ஊகித்தது, உண்மையில் என்ன. மூன்றாவதை அவர்தான் சொல்ல வேண்டும். அதனால் அவருடைய சம்மதத்தோடு, இருவரும் அமைதியாக இருக்கும் நேரத்தில் இதைத் தொடங்குங்கள். சண்டையின் நடுவில் நோட்டை எடுத்தால் நோட்டு பறக்கும். முதல் பத்தியை எழுதாமல் ஊகத்துக்குத் தாவாதீர்கள். "கோபமாக இருந்தார்" என்பது கவனிப்பு அல்ல, தீர்ப்பு. "மூன்று கேள்விக்கும் 'ம்' என்றார்" என்பதுதான் கவனிப்பு. ஏறக்குறைய இருபது பதிவுகள் சேர்ந்தால், எந்த அறிகுறி அவரிடம் எதைக் குறிக்கிறது என்று தெரியத் தொடங்கும். அது அவருக்கு மட்டும் பொருந்தும் அகராதி, மேலாளரிடம் பயன்படுத்த முடியாது.

கேட்கும் முறையையும் மாற்றுங்கள். "கோபமா?" என்று நாளுக்குப் பத்து தடவை கேட்டால் இல்லாத கோபமும் வரும். பார்த்ததைச் சொல்லி, இரண்டு வாய்ப்புகளைத் தாருங்கள்: "பதிலெல்லாம் ஒத்தை வார்த்தையா வருது. அசதியா, இல்ல நான் ஏதாவது பண்ணிட்டேனா?" அசதி என்றால் தனியே விட வேண்டுமா, கூட இருக்க வேண்டுமா என்று அடுத்த கேள்வி. அவர் பக்கமும் ஒரு சின்ன ஏற்பாடு வேண்டும். முகத்தில் தெரியும் என்று காத்திராமல், "இன்னைக்கு பத்துக்கு ஏழு" என்று ஒரு எண்ணைச் சொல்லிவிடலாம். இது காதலில்லாத கணக்கு வழக்கு என்று அவருக்குத் தோன்றினால், இந்தக் கடிதத்தையும் பதிலையும் அவரிடமே படிக்கக் கொடுங்கள். புரியாமை ஒரு பக்கத்து வியாதி அல்ல. 2020-இல் எட்டுப் பேர் கொண்ட சங்கிலிகளில் ஒரு கதையை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக் கடத்தும் சோதனை நடந்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த சங்கிலியும் இல்லாதவர்கள் மட்டும் இருந்த சங்கிலியும் ஒரே அளவு நன்றாகக் கடத்தின. இருவரும் கலந்திருந்த சங்கிலியில்தான் கதை சிதைந்தது.

முதல் இரண்டு வாரம் உங்கள் ஊகம் பாதிக்கு மேல் தப்பாகத்தான் போகும், நோட்டை மூடிவிடாதீர்கள். எந்த வகையில் தப்புகிறது என்று பாருங்கள். எப்போதும் கோபம் என்றே ஊகிக்கிறீர்களா, எப்போதும் ஒன்றுமில்லை என்றே ஊகிக்கிறீர்களா? முதலாவது என்றால் பதற்றத்துக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைப் பற்றி உளவியலாளரிடம் கேளுங்கள். இரண்டாவது என்றால் மேலே சொன்ன உடம்பு வரிக்குத் திரும்புங்கள். ஆட்டிசமா என்று பார்க்க உளவியலாளரிடமோ மருத்துவரிடமோ போகும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இணையச் சோதனையின் 19 மதிப்பெண் சொல்வதைவிட அது அவருக்குப் பல மடங்கு சொல்லும்.